மேட்டில் இறங்கிய வோல்டேஜ்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் அந்த டெலிவரி வேனை வாங்கியதே கணவருக்காகத்தான். மூச்சு மெஷினை முகத்தில் மாட்டாமல் அவரால் தூங்க முடியாது. ப்ளக் இல்லாத இடத்தில் அவர்கள் மூன்று வருடமாக ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. வேனுக்குள் கட்டில் போட்டாயிற்று. ஜன்னலும் வைத்தாயிற்று. மெஷினை ஓட்டக் கட்டிலுக்கு அடியில் வைத்த இரண்டாவது பேட்டரிதான் நான்கு வாரமாகச் சார்ஜ் ஏற மாட்டேன் என்றது.

ஒயரிங் செய்தவன் கொழுந்தன். ஊரில் பாதி வீட்டுக்கு மின்சாரம் இழுத்தவன். முன்பக்க பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் சிவப்பு ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ரிலே வைத்திருந்தான். இன்ஜின் ஓடினால் ரிலே இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், நின்றால் பிரிக்கும். வாசலில் ஸ்டார்ட் செய்தால் மீட்டர் பதினாலு வோல்ட் காட்டியது. அரைமணி நேரம் சுற்றிவிட்டு வந்தால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

முதல் வாரம் பேட்டரி சரியில்லை என்றான். அடுத்த வாரம் மீட்டர் பொய் சொல்கிறது என்றான். மூன்றாவது வாரம் அவள் பார்த்துப் பார்த்து அடித்த பெயின்டைச் சுரண்டி, எர்த் ஒயரை இடம் மாற்றினான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதைதான். ஆட்டோ எலெக்ட்ரீஷியனை ஒரு வார்த்தை கேட்கலாமே என்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். லீவு நாளெல்லாம் வந்து உழைப்பவனை என்னவென்று கடிந்துகொள்வது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேனில் ஊர் சுற்ற அவள் எடுத்திருந்த பத்து நாள் விடுப்பில் ஆறு நாள் போய்விட்டது.

ஏழாம் நாள் காலையில் பொறுமை தீர்ந்தது. மீட்டரை அவன் கையில் கொடுத்துப் பின்னால் உட்காரச் சொன்னாள்.

"நான் ஓட்டுறேன் தம்பி. நீங்க நம்பரை மட்டும் சொல்லிட்டே வாங்க."

அதுவரை நின்ற வண்டியில்தான் அவன் அளந்திருந்தான். கடைத்தெரு வரை பதினாலு, பதினாலு என்று வந்தது குரல். பாலத்து மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பன்னிரண்டரை என்றான். ரிலே 'டக்'கென்று பிரிந்தது அவளுக்கே கேட்டது. இறக்கத்தில் காலை எடுத்தாள். பதினாலே முக்கால். அடுத்த மேட்டில் மறுபடியும் பன்னிரண்டரை. பின்னால் அவன் மீட்டரைக் கீழே வைத்துவிட்டான்.

வண்டியை ஓரங்கட்டி ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்கு அவளே போன் செய்தாள். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புது மாடல் வண்டிகள் டீசல் மிச்சம் பிடிக்கத் தம் பேட்டரி நிறைந்ததும் மேட்டில் வோல்டேஜைக் குறைத்து இறக்கத்தில் ஏற்றும், குறைந்தால் இன்ஜின் நின்றதென்று ரிலே பிரிந்துவிடும், வருவதை வாங்கிச் சீராக ஏற்றித் தரும் சார்ஜர் ஒன்றை நடுவில் போட வேண்டும் என்றார்.

ஒரு நிமிடக் கேள்வி. அதற்கு நான்கு வாரம். அவளுக்குக் காது சூடானது.

"கேட்டா என் மதிப்பு போயிடும்னு நெனச்சுட்டேன் அண்ணி," என்றான் அவன்.

"நீங்க வருத்தப்படுவீங்களேன்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து என் லீவைத்தான் தின்னோம்."

இரண்டு நாள் கழித்து அவன் சார்ஜரோடு வந்தான். அது கட்டிலடியில் இருந்த பேட்டரிப் பெட்டிக்குள் அடங்காததால், அவள் இழைத்து வைத்திருந்த பலகையை அறுக்க வேண்டியதாயிற்று. அவள் வெளியே போய் நின்றுகொண்டாள். அந்த ரம்பச் சத்தத்தை அவளால் கேட்க முடியவில்லை. சாயங்காலம் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்தார்கள். பதினாலே கால் அசையவில்லை.

விடுப்பில் மிஞ்சியது ஒரே ஓர் இரவு. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். மெஷின் விடியும்வரை ஓடியது. இத்தனை நல்ல தூக்கம் வந்து எத்தனை நாளாயிற்று என்றார் கணவர். மணிக்கொரு தரம் எழுந்து மீட்டரைப் பார்த்தவளுக்கு அதைக் கேட்கவும் எரிச்சலாக வந்தது. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தாள். வீடு வந்து சேர்ந்ததுகூட அவளுக்குத் தெரியாது.