கையைத் தூக்காதீங்க, உத்திராபதி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புதுச்சேரியில், சாரம் பகுதியில், ஒரு பல் மருத்துவர் வீட்டு வாசல் பெஞ்சில். கன்னம் வீங்கி நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என்னைவிடப் பெரிதாய் வீங்கிய கன்னத்தோடு ஒருவர், வலி மறக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

"எங்க அப்பாவால கைய தூக்க முடியாது சார். அத சொல்றதுக்கு ஒரு வக்கீல் வைக்க வேண்டியதா போச்சு. ஏன்னா அவரு தூக்கிடுவாரு."

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் வாய் நிறையப் பஞ்சு. கையை ஆட்டிவிட்டுப் போனார். ஆகவே அந்த மூன்று வாக்கியங்கள் மட்டும் அவருடையவை. மற்றதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

2

[ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, வங்கக் கடல் சீறிக்கொண்டிருந்த ஒரு மாலை, கையை இழந்த ஒரு வீரன்—]

வேண்டாம். கடல் சீறவில்லை. அவன் கையை இழக்கவும் இல்லை. கை இருந்தது, அதுதான் தொல்லை.

இப்படித் தொடங்குகிறேன்: வைத்திக்குப்பத்து உத்திராபதி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனான். (சொல்தா என்றால் சிப்பாய்தான். ஆனால் புதுச்சேரியில் அந்தச் சொல்லுக்கு மிடுக்கு கொஞ்சம் கூடுதல்.) வலது தோளிலும் முழங்கையிலும் குண்டுச் சிதறல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். விரல்கள் அசைந்தன. முழங்கை பாதிக்கு மேல் மடங்காது. தோளிலிருந்து கை நெஞ்சு வரைக்கும்கூட உயராது.

ஆனால் உத்திராபதி ஒரு வித்தை கண்டுபிடித்துவைத்திருந்தான். இடுப்பைச் சாய்த்து, முதுகை உந்தி, கையை ஒரு வீசு வீசினால் அது ஒரு கணம் தலைக்கு மேல் போய்த் திரும்பும். கரையில் யாராவது "கை எப்டிடா இருக்கு?" என்று கேட்டால் வீசிக் காட்டுவான். பார்த்தவர்கள் மெச்சுவார்கள். அன்று முழுவதும் தோள் தீயாய் எரியும். அதை யாரிடமும் சொல்லமாட்டான்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிவிட்டாலும் பழைய பட்டாளத்துக்காரர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஊனத்துக்குத் தனியாக உண்டு. அதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு உத்திராபதி தனியாகப் போனான். கையைத் தூக்கச் சொன்னார்கள். வீசினான். வீசிய கையை அப்படியே சல்யூட்டாகவும் மாற்றினான். வலி உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று பிரெஞ்சிலேயே சொன்னான். ஊனம் அற்பம், பென்ஷன் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த சல்யூட்டைப் பார்த்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

3

அவன் மனைவி சொர்ணத்துக்குக் கோபம் வந்தது.

"தூங்கும்போது முனகறது யாருய்யா, எதிர்வூட்டுக்காரனா? வலி இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துடுமா?"

"சொல்தாடி நான். போய் அழுவ சொல்றியா?"

"நீ அழுவாத. கூடைய தூக்கித் தூக்கி என் கழுத்து அழுவுது."

அது உண்மை. வலையிழுக்க அவனால் முடியாது. சொர்ணம் தலையில் சுமந்து விற்கும் மீன்தான் வீட்டை ஓட்டியது. பென்ஷன் வந்தால் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்க ஓர் இடம் பிடித்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

சொர்ணத்துக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அவள் பிறந்த வீட்டு விசேஷம் எதிலும் உத்திராபதி சாப்பிட்டதில்லை. தங்கை சாந்தியின் கல்யாணத்தில் பந்தல்வரை வந்தவன், இலை போட்டதும் காணாமல் போனான். "எங்க வூட்டு சோறுன்னா அவ்ளோ எளப்பம்" என்று அதைச் சொல்லி இன்றும் சண்டை. வீட்டிலும் அவள் எதிரே அவன் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. "வச்சிட்டுப் போ, அப்பறமா சாப்டுக்கறேன்" என்பான். பட்டாளத்துத் திமிர் என்று அவள் விட்டுவிட்டாள்.

[அதற்குக் காரணம் கட்டிய மனைவிக்குத் தெரியாமலா இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்தேன். பிறகு யோசித்தேன்: சோற்றை மூடிவைத்துவிட்டு, மீன் நாறுவதற்குள் தெருத்தெருவாக ஓடுகிறவள், புருஷன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று எப்போது பார்ப்பாள்? பத்தி இருக்கட்டும்.]

அவள் மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று வக்கீல் தேவதாஸுடையது. பிரெஞ்சுச் சட்டம் படித்தவர். பட்டாளத்துப் பென்ஷன் வழக்குகளில் கைதேர்ந்தவர். ஊரார் அவரை 'மேத்ரு' என்பார்கள். வக்கீலை அப்படிக் கூப்பிடுவது பிரெஞ்சு மரியாதை. சொர்ணம் புருஷனை அங்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்களால என்ன செய்ய முடியல, உத்திராபதி?"

"எல்லாம் முடியும் மேத்ரு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"இவ இட்டாந்தா."

தேவதாஸ் சிரித்தார். பருத்த உடம்பு, சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து சிரிக்கும். "எங்க, தூக்குங்க பாப்போம்" என்றார். உத்திராபதி வீசினான். மேத்ரு எழுந்து பின்னால் போய், அவன் முதுகை நாற்காலியோடு அழுத்தி, தோள்பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இப்ப தூக்குங்க."

கை கொஞ்சம் கிளம்பி, நடுங்கி, மடியில் விழுந்தது.

சொர்ணம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மேத்ருவோ புதையல் எடுத்தவர்போல, "அடடா! இவ்வளவு நாளா இந்தக் கைய எங்க ஒளிச்சி வச்சிருந்தீங்க?" என்றார். ஊன சதவீத அட்டவணையைத் திறந்து தோளுக்கு எவ்வளவு, முழங்கைக்கு எவ்வளவு என்று படித்துக் காட்டினார். மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

"பிச்ச கேக்கற மாதிரி இருக்குது மேத்ரு" என்றான் உத்திராபதி தரையைப் பார்த்தபடி.

"பிச்ச இல்ல. அவங்க வேலைக்குப் போயி உங்க தோள குடுத்துட்டு வந்திருக்கீங்க. முடியாதத முடியாதுன்னு சொல்றது பொய் இல்லைங்க. முடியற மாதிரி காட்றதுதான் பொய். இத்தன நாளா நீங்க சொன்ன பொய்ய திருத்தத்தான் நான்."

4

மறுபரிசோதனை செய்த பிரெஞ்சு மருத்துவரை முதலில் கொடுமைக்காரராகத்தான் எழுதினேன். சுருட்டு, கடுகடுத்த முகம், சுவரில் மாட்டிய— போதும். அப்படி ஒருவர் வந்தால் கதை சுலபமாக நகரும். ஆனால் உத்திராபதிக்கு அன்று எதிரி வேறு யாருமில்லை, அவனேதான். ஆகவே மருத்துவர் சாதாரண மனிதர். வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தார். உத்திராபதியோடு மேத்ருவும் சொர்ணமும் வந்திருந்தார்கள்.

கையைத் தூக்கச் சொன்னார். உத்திராபதி, வழியெல்லாம் வக்கீல் சொல்லிக்கொடுத்ததை மறந்து, பழக்கத்தில் இடுப்பைச் சாய்த்தான்.

"கையைத் தூக்காதீங்க, உத்திராபதி!" என்று தேவதாஸ் அலறிய அலறலில் மருத்துவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

என்ன அலறல் என்று கேட்டதற்கு மேத்ரு பிரெஞ்சில் விளக்கினார். மருத்துவர் எழுந்து வந்து, மேத்ரு சொன்னபடியே முதுகை அழுத்தித் தோள்பட்டையைப் பிடித்தார். கை எழவில்லை. இன்னொரு முறை. எழவில்லை. "எவ்வளவு காலமாக இப்படி ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும், "இதனால் தினசரி என்ன கஷ்டம்?" என்றார்.

மேத்ரு கேள்வியைத் தமிழில் சொன்னார். உத்திராபதி சன்னலைப் பார்த்தான்.

"கை வாய்க்கு எட்டாதுங்க."

சன்னலைப் பார்த்தபடியே தொடர்ந்தான்.

"எடது கையாலதான் சாப்புடறேன். வூட்ல யாரும் இல்லாதப்ப சாப்ட்டுக்குவேன். பந்தியில, நாலு பேரு பாக்க, எடது கைய சோத்துல வைக்க முடியுங்களா? அதான் எதுக்கும் போறதில்ல. மச்சினிச்சி கல்யாணத்துல எல போட்டுட்டாங்க. பசி வேற. எழுந்து வந்துட்டேன்."

மேத்ரு மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அதற்குள் சொர்ணத்திடமிருந்து ஒரு சத்தம். அழுகையா திட்டா என்று அவளுக்கே தெரியவில்லை.

"யோவ்! சாந்தி கல்யாணத்துலயா? நான் எத்தினி பேச்சு பேசனேன்! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஊட்டி வுட்டிருப்பேனேய்யா!"

"அதுக்குத்தான் சொல்லல" என்றான் உத்திராபதி.

மருத்துவர் அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிறைய எழுதினார்.

5

முடிவு பல மாதம் கழித்து வந்தது. ஊனம் ஏற்கப்பட்டது, பென்ஷன் உண்டு. சொர்ணம் மார்க்கெட்டில் இடம் பிடித்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போகும் சாப்பாட்டை நீங்கள் கவலையோடு பார்க்கக்கூடாது.

பரிசோதனை முடிந்த அன்று மத்தியானம் தேவதாஸ் இருவரையும் தன் வீட்டில் சாப்பிடவைத்தார். உத்திராபதி தெருவிலேயே நழுவப் பார்த்தான். மேத்ரு அவன் நல்ல தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி ஜெயம் மேசையில் பீங்கான் தட்டுகளை வைத்திருந்தாள். தட்டுக்கு வலப்பக்கம் கத்தி, இடப்பக்கம் முள்கரண்டி.

மேத்ரு உட்கார்ந்தார். முள்கரண்டியை இடது கையில் எடுத்தார். ஜெயமும் இடது கையில் எடுத்தாள். உத்திராபதி அவர்களைப் பார்த்தான், தன் தட்டைப் பார்த்தான், இடது கையால் முள்கரண்டியை எடுத்தான். பட்டாளத்தில் பழகிய லாகவத்தோடு ஒரு மீன் துண்டைக் குத்தி வாயில் வைத்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு துண்டை எடுத்தான். பிறகு நிறுத்தவே இல்லை.

இப்போது மேசையில் விழிப்பது சொர்ணம் ஒருத்திதான்.

"நீங்க கையாலயே சாப்புடுங்க சொர்ணம். இவரு கோர்ட்டுக்குப் போயிட்டா நானும் அப்டித்தான்" என்றாள் ஜெயம்.

"என்னாது?" என்றார் மேத்ரு.

[முடிவு அ: சொர்ணம் புருஷனுக்குத் துணையாக இடது கையில் முள்கரண்டியை எடுக்கிறாள், மீன் துள்ளி மேத்ருவின் மடியில் விழுகிறது.]

[முடிவு ஆ: அவள் கையாலேயே பிசைகிறாள். ஒரு கவளம் உருட்டி, பேச்சு மாறாமல், எல்லார் எதிரிலும் அவன் வாயருகே—]

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் சிரித்துவிட்டேன், இன்னொன்றில் உத்திராபதி என்னை முறைத்தான். பஞ்சு வைத்த வாயோடு போன அந்த மனிதரைக் கேட்டால் தெரியலாம். ஆனால் அவர் அன்று அந்த மேசையில் இல்லை.

குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. சொர்ணத்தின் கை தட்டுக்கு மேலே நிற்கிறது. பசியோடு இருக்கிறவளை நான் இதற்குமேல் காக்கவைக்கமாட்டேன். அந்தக் கையை நீங்கள் இறக்கிவிடுங்கள்.