வெந்நீர் வருகிறதா?

வெர்லீன் ஸ்டிடம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வெந்தவள். கென்டக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவள் கையால் சோளரொட்டியும் பீன்ஸும் தின்னாத வாய் இல்லை. பதினெட்டு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட, ஏப்ரலிலிருந்து சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்திய, படுக்கையும் அடுப்பும் மட்டும் உள்ள பழைய கேம்பர் வண்டியில்தான் குடித்தனம். யாராவது கேட்டால், "சும்மா ஒரு மாறுதலுக்கு" என்பாள். ஊருக்கே விஷயம் தெரியும். ஆனால் ஊர் தெரியாததுபோல் இருந்தது. அங்கே மரியாதை என்றால் அதுதான்.

வருமானம் குறைந்தவர்களுக்கென்று அரசு மானியத்தில் கட்டிய வீடுகளில் ஒன்று காலியாகியிருந்தது. பனி விழுவதற்குள் அவளுக்கு அது கிடைத்தாக வேண்டும். மனு கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, நாலரை மணிவரை. வெர்லீன் நாலு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் உடுத்தும் நீலக் கவுனில் அந்த வீடுகளின் அலுவலகத்துக்கு வந்து மனுவை நீட்டினாள். வாங்கிப் படித்த மேனேஜர் ட்ரீமா, ஒரு காலத்தில் அவளிடம் தட்டேந்தி வரிசையில் நின்ற பெண்.

"மிஸ் வெர்லீன், இப்ப இருக்கற இடத்துல வெந்நீர் வருதான்னு கேட்டிருக்கு. ஆமான்னு டிக் போட்டிருக்கீங்க."

"அடுப்புல வெச்சா வரும்."

"கழிப்பறை உள்ளேயே இருக்குன்னு..."

"சர்ச்சுக்குள்ளதான இருக்கு? நான் என்ன காட்டுக்கா போறேன்?"

"ஹீட்டர்?"

"மூணு போர்வை இருக்குடி. உனக்கு ஒண்ணு வேணுமா?"

ட்ரீமா சிரிக்கவில்லை. "இவ்வளவு வசதியா இருக்கறவங்களுக்கு எதுக்கு வீடுன்னு மேல கேப்பாங்க. வீடில்லாதவங்களுக்குத்தான் முதலிடம். எனக்குத் தெரிஞ்சது செல்லாது, நீங்க எழுதினதுதான் செல்லும். நானே திருத்தினா என் வேலை போயிரும்."

"அப்ப பிச்சைக்காரின்னு எழுதிக் குடுக்கணுமா? உன் வீடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" வெர்லீன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"ஸ்கூல்ல ரெண்டாவது தட்டு கேக்க நான் கூச்சப்பட்டப்ப என்ன சொன்னீங்க? பசிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லு, அதுல என்னடி வெக்கம்னு வரிசையே கேக்கற மாதிரி திட்டினீங்க."

வெர்லீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தான் சொன்னதையே தன்னிடம் திருப்பிச் சொன்னால் யாருக்குத்தான் வராது? திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று 'ஆமா'வையும் அடித்து 'இல்லை' என்று எழுதினாள். அடியில், யாரும் கேட்காமலே, ஒரு வரி சேர்த்தாள்: 'சர்ச்சுக்குப் பின்னால் கேம்பர் வண்டியில் இருக்கிறேன். படு சுத்தமாக வைத்திருக்கிறேன்.'

நவம்பரில் சாவி வந்தது. கூடவே இன்னொரு தாளும் வந்தது. குடியேறுபவர் வீட்டில் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, கையெழுத்த மட்டும் போடுங்க" என்றாள் புது வீட்டைத் திறந்துவிட்ட ட்ரீமா.

"சும்மா இருடி. இந்த வாட்டி பாக்காம எழுத மாட்டேன்."

ஹீட்டரைப் போட்டுப் பார்த்தாள். கழிப்பறையைத் திறந்து பார்த்தாள். கடைசியில் சமையலறைக் குழாயைத் திறந்து அடியில் கையை வைத்து நின்றாள். கை சிவக்கும்வரை எடுக்கவில்லை. பிறகு ஈரக் கையோடு பேனாவை வாங்கி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு டிக் போட்டாள்.