சட்டை உரித்த மஸ்டாங்

சோலூரில் நாச்சிமுத்துவின் ஷெட்டுக்குள் ஆட்கள் நிமிர்ந்து போய் நிமிர்ந்து வந்தார்கள். கார்தான் குனிந்து நின்றது. 1967ஆம் வருடத்து அமெரிக்க மஸ்டாங். முதலில் அதை வைத்திருந்த எஸ்டேட் மேனேஜர், நீலகிரி மழை இரும்பைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வருடா வருடம் வைகாசி பிறந்ததும் வண்டியின் அடியில் ஒரு பூச்சு தார் அடிக்கச் சொல்லியிருந்தார். அவர் போன பிறகும் டிரைவர்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. நாற்பது வருடம், நாற்பது பூச்சு. கடைசியில் தரைக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு விரல் இடம்தான் மிஞ்சியது. அந்த வழியாக நுழைந்த தவளை ஒன்று மறுபக்கம் தட்டையாகத்தான் வெளியே வந்தது என்று நாச்சிமுத்து சொல்வார். இதுவரை எந்தத் தவளையும் அதை மறுத்ததில்லை.

நாச்சிமுத்து முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்லட்டி மலைப்பாதையில், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவிலும், அவரை முந்தாத வண்டி கிடையாது. லாரி முந்தியது, ஜீப் முந்தியது, கேரட் மூட்டை ஏற்றிய டிராக்டர் முந்தியது. ஆறாவது வளைவில் கோபித்துக்கொண்டு இறங்கி நடந்த ஒரு பயணி, பத்தாவது வளைவில் காத்திருந்து, அதே டிக்கெட்டைக் காட்டி மறுபடி ஏறிக்கொண்டார். அன்றைக்கே நாச்சிமுத்து முடிவு செய்துவிட்டார்: கண்ணை மூடுவதற்குள் கல்லட்டி ஏற்றத்தில் ஒரே ஒரு பஸ்ஸையாவது முந்திவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கார்.

வாங்கி மூன்று வருடமாயிற்று. இன்ஜின் கழன்று, ஒரு மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வேலை நகர வேண்டுமானால் தரைத் தகட்டைப் பார்க்க வேண்டும். தகட்டைப் பார்க்கத் தார் போக வேண்டும். தார் போவதாக இல்லை.

அவர் மனைவி வேலாமணிக்கு அந்த ஷெட் வேண்டும். சிப்பிக் காளான் வளர்க்க.

"இருட்டா, ஈரமா, குளுகுளுன்னு இருக்கோணும்னு ட்ரெய்னிங்குல சொன்னாங்க. நம்ம ஷெட்டாட்டம் ஒன்னத் தேடிக் கட்டுனாலும் கெடைக்காதுங்க" என்று அவள் பல தடவை சொல்லிப் பார்த்தாள். மார்கழியின் கடைசி வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, டீ டம்ளரை மஸ்டாங்கின் பானெட்மேல் வைத்துவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்துல இருந்து வெள்ளியங்கிரி வர்றாருங்க."

வெள்ளியங்கிரி பழைய இரும்பு வியாபாரி.

"எதுக்குப் புள்ள?"

"நீங்க சாஞ்சுட்டு நிக்கறீங்களே, அதுக்குத்தானுங்க."

நாச்சிமுத்து சட்டென்று காரிலிருந்து முதுகை எடுத்தார்.

"ஒன்னும் அநியாயமாச் சொல்லுல. அதுக்குள்ள தார உரிச்சுக் காட்டுங்க. தகடு நல்லாருக்குது, வெல்டு நிக்கும்னு எஸ்டேட்டு வெல்டரு வீரையாண்ணா ஒரு வார்த்தை சொல்லீட்டா காரு இங்கயே இருக்கட்டும். நான் வேற எடம் பாத்துக்கறேன். அடியெல்லாம் ஓட்டைன்னா வெள்ளியங்கிரி ஏத்தீட்டுப் போகட்டும். செரிதானுங்க?"

சரிதான். அதனால்தான் நாச்சிமுத்து டீயை மறந்துவிட்டுக் காரின் அடியைப் பார்த்தார். கார் வந்த முதல் வாரமே, டிரைவர் சீட்டின் முன் விளிம்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு அவர் தாரைச் சுரண்டிப் பார்த்திருந்தார். சுரண்டப் பிடித்த பட்டி பிளேடு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடிதான் அதை நிறுத்தியது. ஓட்டை வழியாக சீட்டின் ஸ்பிரிங் அவரை எட்டிப் பார்த்தது. அவசர அவசரமாகப் புதுத் தாரைக் குழைத்து அடைத்துவிட்டு, "தகடு தங்கமாட்டம் இருக்குது" என்று வீட்டில் போய்ச் சொன்னார். தொட்ட ஓர் இடமே இப்படி என்றால் மிச்சம் எப்படி இருக்கும்? கீழே தகடே இல்லை, நாற்பது வருடத் தார்தான் கார் மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு மூன்று வருடமாக அவர் தாரைச் சுரண்டியதெல்லாம், தலைக்கு எண்ணெய் தேய்க்கிற பதத்தில்தான்.

இப்போது நிஜமாகவே உரித்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஹீட் கன் வாங்கி வந்து, காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துச் சூடு காட்டினார். தார் இளகியது. இளகியது கழன்று விழாமல் அவர் மீசையின் இடப்பக்கத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. தேங்காய் எண்ணெய்க்கும் அது மசியவில்லை. வேலாமணி கத்தரிக்கோலால் பாதி மீசையை எடுக்க வேண்டியதாயிற்று. தினம் பீட்ரூட் தோட்டத்துக்கு வருகிற காட்டெருமை அன்று தார் நாற்றம் பிடித்து வந்த வழியே திரும்பியது. தெப்பக்காடு தாண்டியும் அது நிற்கவில்லை என்று கேள்வி.

புதன்கிழமை மண்ணெண்ணெயும் பட்டி பிளேடும். சாயங்காலத்துக்குள் ஓர் அடை அளவுக்குத் தார் வந்தது. அதற்குள் ஒரு சீப்பும், ஒரு ஸ்பானரும், யாருடையதோ ஒரு செருப்பின் பாதியும் இருந்தன. இந்த வேகத்தில் போனால் அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் சித்திரையில் வேலை முடியும்.

அப்போதுதான் வீரையா வந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் வெல்டர். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். நாச்சிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாங்க ஐயா, மீசைக்கும் அண்டர்கோட்டிங்கா?"

"சிரிச்சது போதுமுங்க. இது போறதுக்கு வழியச் சொல்லுங்க."

"சூடு காட்டுனா தாரு கைப்புள்ள மாதிரி ஒட்டிக்கிரும். குளிரு காட்டணும், வெளங்குதா? வெளிநாட்டுல ட்ரை ஐஸக் கொட்டி வச்சு, பொறகு சுத்தியலால தட்டுறாங்க. ஓடு மாதிரி ஒடஞ்சு வருது. போன்ல பாத்தேன்."

"ட்ரை ஐஸுக்கு நான் எங்கீங்க போவேன்?"

வீரையா ஷெட் வாசலைக் காட்டினார். வெளியே, பனியில் கருகாமலிருக்கத் தேயிலைச் செடிகளுக்கு மேல் காய்ந்த தழையைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மார்கழியில சோலூர்ல நின்னுக்கிட்டு ஐஸுக்கு எங்க போறதுன்னு கேக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அன்றே காரை வெளியே தள்ளி நிறுத்தினார்கள். வியாழன் காலையில் பார்த்தால் கூரையெல்லாம் உறைபனி, பானெட்டெல்லாம் உறைபனி. அடியில் கைவைத்தால் தார் மட்டும் அல்வா மாதிரி சௌக்கியமாக இருந்தது.

"தப்பு நம்மளுது" என்றார் வீரையா. "பனி மேலருந்துதான எறங்கும்? வண்டியோட அடிவயிறு வானத்தப் பாக்கணும்."

கேரட் அறுக்க வந்த எட்டுப் பேரைப் பிடித்து, பழைய டயர்களைப் பரப்பி, அதன்மேல் மஸ்டாங்கை மெதுவாக மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். இன்ஜின் இல்லாததால் அதுவும் மறுப்பு சொல்லாமல் புரண்டு கொடுத்தது. அன்று படுக்கப் போகும்போது நாச்சிமுத்து ஜன்னல் வழியாக ஒரு முறை பார்த்தார். அறுபது வயதுக் கரப்பான் பூச்சி மாதிரி கிடந்தது. நாளைக்கு இந்நேரம் மேட்டுப்பாளையத்தில் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே போர்வையை இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஓடினார். காரின் அடிவயிறு முழுக்க ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. ஈரம் என்பது நேற்றைய செய்தி. இப்போது ஒவ்வொரு சாக்கும் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. பக்கத்தில் மஃப்ளரும் வாளியுமாக வேலாமணி.

"நீயா புள்ள இதப் பண்ணுனது?"

"வெறும் பனி பத்தாதுன்னு தோணுச்சுங்க. நீங்க தூங்குனதுக்கப்புறம் சாக்க நனைச்சுப் போட்டுட்டு வந்தேன்."

"நான் தோத்தாத்தான உனக்கு ஷெட்டு?"

"தோக்கறதையும் ஒழுங்காத் தோக்கோணுமில்லீங்க. உரிச்சுப் பாக்காமயே காரு போச்சுன்னா, ஆயுசுக்கும் எங்கிட்ட அதையவேதான் பேசீட்டிருப்பீங்க. அதக் கேக்க என்னால ஆகாது."

வீரையா வந்து சாக்குகளைப் பெயர்த்து எறிந்துவிட்டு, மரச் சுத்தியலால் பின்பக்க ஓரத்தில் ஒரு தட்டு தட்டினார். டிக் என்று ஒரு சத்தம். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் நிற்கவில்லை, அவசர வேலை இருப்பதுபோல் இடப்பக்கமாக ஓடி, முன்பக்கம் சுற்றி, வலப்பக்கமாக வந்து, கிளம்பிய இடத்திலேயே சேர்ந்துகொண்டது. பிறகு புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கேரட் அறுக்க வந்த அதே எட்டுப் பேரும் எட்டு இடத்தில் பிடித்து, இட்லிக் குண்டான் மூடியைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள். பதினான்கு அடி நீளம், ஆறடி அகலம், நடுவே ஒரு நீளப் பள்ளம், நான்கு மூலையிலும் சக்கரத்துக்கான வளைவு. நாற்பது பூச்சும் ஒரே துண்டாக வந்துவிட்டது. நம்பாதவர்கள் சோலூருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நாச்சிமுத்து தகட்டைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரியின் லாரி வந்து நின்றது.

"ஏனுங்கண்ணா, வண்டி இப்பவே மல்லாந்துருச்சாட்ட இருக்குது?"

"கொஞ்சம் பொறுங்க" என்றார் வீரையா. இரும்புச் சுத்தியலை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து தட்டத் தொடங்கினார். ணங். இன்னொன்று. ணங். தட்டத் தட்ட ணங், ணங் என்று கோயில் மணி மாதிரி வந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் கழுத்து மெல்லக் கீழே இறங்கியது. தகடு சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று கிடந்தது. சுத்தியல் டிரைவர் சீட்டுப் பக்கம் நெருங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பொத்.

வெள்ளியங்கிரி போய் லாரியின் பின்கதவைத் திறந்தார்.

வீரையா குனிந்து, ஓட்டையை அடைத்திருந்த தாரை விரலால் எடுத்தார். சுற்றிலும் மறுபடி தட்டினார். ணங், ணங், ணங். சாஸர் அளவில், வட்டமாக, ஒரே ஒரு ஓட்டை. விளிம்பைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"ஐயா, இது துரு இல்ல. உளி வச்சு வெட்டியிருக்காங்க. சுத்தி செவப்பா இருக்கு பாருங்க, வெத்தலை! மழையில கண்ணாடிய எறக்காம துப்புறதுக்குப் பழைய டிரைவரு போட்ட வழி. பொறகு அடிச்ச தாரு அடச்சிருச்சு."

வண்டி முழுக்கத் தேடினாலும் வேறு ஓட்டை கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் நாச்சிமுத்து சரியாக அங்கே போய்த்தான் சுரண்டியிருக்கிறார்.

"வெல்டு நிக்குமுங்களா?" நாச்சிமுத்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"கால்மணி நேர வேலை. இன்னும் அம்பது வருசத்துக்கு இந்தத் தகடு ஒன்னும் கேக்காது."

நாச்சிமுத்துவின் அரை மீசை துடித்தது. வேலாமணி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தகடு தங்கம்னு அன்னைக்குச் சொன்னீங்களே?"

"தங்கம்னா மூக்குத்தி போட ஒரு ஓட்டை வேண்டாமா புள்ள?"

"அன்னைக்கு உங்க சட்டைக் கையில புதுத் தாரு இருந்துச்சுங்க. தொவச்சது நானுங்க."

நாச்சிமுத்து குனிந்து, வீரையா எறிந்த சாக்குகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அப்ப நான் என்னத்தீங்க ஏத்தறது?" என்றார் வெள்ளியங்கிரி. புல்லில் கிடந்த தார் மூடியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "இது நமக்கு ஆகாதுங்க."

"ஆருங்க உங்கள எடுக்கச் சொன்னது?" வேலாமணி அதற்குள் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தலையை விட்டிருந்தாள். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "இருட்டாருக்குது... குளுகுளுன்னு இருக்குது... ஒரு பொட்டு வெளிச்சம் வர்ல. இதை ஆரும் தொடாதீங்க!"

எட்டுக் கற்பூர மரக் கம்பு நட்டு, அதன்மேல் தார் மூடியை ஏற்றி, சுற்றிலும் சாக்குத் தொங்கவிட்டார்கள். மழைக்கு ஒழுகாது, நாற்பது வருடம் பார்த்த பூச்சு. உள்ளே காளான் பைகள் வரிசையாகத் தொங்கின. மாசி பிறந்ததும் பூத்துவிட்டன.

மஸ்டாங் ஷெட்டுக்குத் திரும்பியது. ஓட்டைக்குத் தகடு வைத்தாயிற்று. இன்ஜின் இன்னும் சாக்குக்குள்தான் இருக்கிறது, ஆனால் சாக்கை அவர் தினம் ஒரு தடவை விலக்கிப் பார்க்கிறார்.

ஊட்டி பஸ் வளைவில் திரும்பும்போது பயணிகள் எட்டிப் பார்ப்பார்கள். எட்டுக் காலில் நிற்கிற கறுப்புக் கார் ஒன்று, அதன் அடியில் உட்கார்ந்து காளான் அறுக்கிற அரை மீசைக்காரர் ஒருவர். காளான் கூடைகளை பஸ்ஸில் ஏற்றுவதும் அவர்தான்.

"அண்ணா, காரு எப்ப ஓடும்?" என்று கண்டக்டர் ஒரு நாள் கேட்டார்.

"எந்தக் காரு? வேலாமணியுது உங்க பஸ்ஸுலயே தெனம் ஊட்டிக்குப் போயிட்டுத்தான இருக்குதுங்க. என்னுது வைகாசிக்குள்ள கெளம்பீரும். கெளம்புனா மொதல்ல உங்களைத்தான் முந்துவேன்."

"செரிங்கண்ணா. அதுவரைக்கும் ஏறிக்குங்க."

நாச்சிமுத்து கடைசிக் கூடையையும் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். அடுத்த வளைவில் ஒரு டிராக்டர் முந்தியது.