ஹெக்டருக்கு எத்தனை டன்

இரவு வேலை முடிந்து மாசாயில் நான் இருக்கும் பிளாட்டுக்கு வந்தபோது வீரமுத்து மாமா படிக்கட்டுக்குக் கீழே தன் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். என் அக்கா யோகேஸ்வரியின் கணவர். காஹாங் பக்கம் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். இருட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். சட்டைக் காலரில் இன்னும் ஈரம் இருந்தது.

"மேல வந்து படுங்க மாமா. பிறகு பேசலாம்."

"படுக்க வரல மச்சான். வா, சாப்பிடலாம். உன்கிட்ட ஒரு கணக்கு கேக்கணும்."

என்னிடம் கணக்குக் கேட்க யாரும் வருவதில்லை. பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொருளாதாரம் படிக்கப் போய்ப் பாதியில் நின்றவன் நான். வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். மாமா மட்டும் என்னைப் படித்தவன் என்று இன்னமும் நம்புகிறார். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாவு ஆலையில் இரவுகளில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். எந்த நாட்டுக் கோதுமையோடு எதைக் கலக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்வார்கள். நான் குழாயைத் திறந்துவிடுவேன்.

முனைக் கடையில் உட்கார்ந்தோம். மாமா ரொட்டி சானாய் சொன்னார். எனக்கு அந்த மாவின் வாசமே போதும் என்றிருந்தது. தேத்தண்ணி மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"ஜேபி டவுன்ல ஒரு ஏஜென்ட் இருக்கான்," என்றார் மாமா. "கோதுமைப் பண்ணையில வேலை. ஆஸ்திரேலியா ஒண்ணு, நியூசிலாந்து ஒண்ணு. இன்னிக்குச் சாயங்காலம் பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு எந்த நாடுன்னு சொல்லணும். நீ கோதுமையிலதானே கிடக்குற. எந்த நாட்டுல ஹெக்டருக்கு எத்தனை டன், சொல்லு."

"தோட்டத்து வேலை?"

"வேலைய விட்டு நிக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு. வீட்டையும் காலி பண்றேன்னு சொல்லியாச்சு."

அக்கா இதை என்னிடம் சொல்லவில்லை. கோதுமை விளைச்சல் பட்டியலைத் தேட நான் போனை எடுத்தேன்.

மாமா அப்படிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. குலை வெட்டுகிறவர்களுக்கு டன் கணக்கில்தான் கூலி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும்முன் அவர்கள் வீடு எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் கேட்பது இதைத்தான். மரம் இளசாக இருந்தால் குலை நிறைய, எட்டும் உயரம், கைக்கு வருவதும் நிறைய. மாமா இப்படிக் கேட்டுக் கேட்டே குளுவாங்கைச் சுற்றித் தோட்டம் மாறியவர். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. இப்போது அவருக்குப் பிரித்துக் கொடுத்த பிளாக்கில் மரங்கள் கிழடாகிவிட்டன. அவருக்கும் வயது நாற்பத்தாறு.

"நியூசிலாந்து ஒன்பது, பத்து," என்றேன். "அயர்லாந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஜெர்மனி ஏழு சொச்சம். சீனா ஆறுக்குக் கொஞ்சம் கம்மி. இந்தியா மூணரை. ஆஸ்திரேலியா ரெண்டு, நல்ல மழை பெஞ்சா ரெண்டரை."

"பத்து டன்தானா? நம்ம செம்பனையே இருவது போடுது, லா."

"அது எண்ணெய்க் குலை. இது மணி. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க."

"நம்ம நாடு எவ்வளவு?"

"பட்டியல்லயே இல்ல. நாம வாங்கித் தின்கிற ஆளுங்க."

மாமா சிரித்தார். பிறகு ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் முக்கினார். "அப்ப நியூசிலாந்து. ரெண்டு எங்க, பத்து எங்க. இதைச் சொல்றதுக்கு உனக்கு மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"தூக்கம் மாமா. இன்னொண்ணும் இருக்கு. நியூசிலாந்துலேர்ந்து எங்க ஆலைக்கு ஒரு கப்பல்கூட வந்ததில்ல. அந்த ரெண்டு டன் ஆஸ்திரேலியாதான் வருது. நீங்க இப்ப தின்கிறதே அதாத்தான் இருக்கும்."

"அது எப்படி? கம்மியா விளையறவன் எப்படி விப்பான்?"

"நிலம் பெருசு, தின்கிற வாய் கம்மி. சீனாவும் இந்தியாவும்தான் உலகத்துலயே அதிகமா விளைவிக்கிறாங்க. பெரும்பாலும் அவங்களே தின்னு தீத்துடறாங்க. எகிப்துல ஹெக்டருக்கு ஆறு டன்னுக்கு மேல வருது, ஆனா கப்பல் கப்பலா வெளியிலேர்ந்து வாங்குறான். எவ்வளவு விளையுது, நிலம் எவ்வளவு குடுக்குது, விக்க எவ்வளவு மிஞ்சுது, மூணும் வேற வேற. அதுல ஒண்ணுகூட வேலைக்காரன் கைக்கு என்ன வரும்னு சொல்லாது."

"ஏன் சொல்லாது? பத்து டன் வெட்டுறவனுக்கு ரெண்டு டன் வெட்டுறவனைவிடக் கூடத்தானே?"

வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பு இல்லை. கோதுமை அறுவடை என்று தேடி, முதலில் வந்த காணொளியைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். கண்ணுக்கு எட்டியவரை பழுப்பு வயல். நடுவில் வீடு மாதிரி ஒரு இயந்திரம். கண்ணாடிக் கூண்டுக்குள் தொப்பி போட்ட ஒருவன். இயந்திரம் தானாகவே நேர்கோட்டில் போகிறது. அவன் கையை ஸ்டியரிங்கில்கூட வைக்கவில்லை, ஏதோ தின்றுகொண்டிருக்கிறான்.

மாமா கடைசிவரை பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார்.

"மத்த ஆளுங்க எங்க?"

"அவ்வளவுதான் மாமா. இவன் ஒருத்தன். பக்கத்துல லாரி ஓட்ட இன்னொருத்தன்."

"இவ்வளவு நிலத்துக்கும்?"

"இதைவிடப் பெரிய நிலத்துக்கும்."

"ஓட்டுறதுக்காவது ஆள் வேணும்ல?"

"பண்ணைக்காரனே ஓட்டுவான். இல்லாட்டி அவன் மகன்."

"அப்ப அவன் எங்களை எதுக்குக் கூப்பிடுறான்?"

"எனக்குத் தெரியாது. வேற வேலை ஏதாவது இருக்கலாம். குலை வெட்டுற மாதிரி கோதுமை வெட்டுற வேலை இல்ல."

அவர் கையைக் கழுவாமலே இடது கையால் தன் போனை எடுத்து ஏஜென்ட்டை அழைத்தார். ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்தார்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே! நாடு முடிவு பண்ணியாச்சா?" இளமையான, சுறுசுறுப்பான குரல்.

"தம்பி, அங்க கூலி நாளுக்கா, டன்னுக்கா?"

ஒரு கணம்தான் தயங்கினான். "உங்களுக்கு எதுண்ணே வசதி?"

"நான் டன்னுக்கு வெட்டித்தான் பழக்கம்."

"டன்னுக்குத்தாண்ணே! டன்னுக்கேதான். எல்லா இடத்துலயும் டன்னுக்குத்தான். கவலைப்படாதீங்க லா."

"ஒரு வரிசைக்கு எத்தனை பேர் விடுவாங்க?"

"அது... பத்து, பதினைஞ்சு பேர் இருப்பாங்கண்ணே. நம்ம ஆளுங்கதான். ஜாலியா இருக்கும்."

மாமா சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நான் ஏதாவது சொல்லியிருந்தால் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்திருக்கும். யார் ஜெயித்தது?

"பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கு," என்றார் மாமா.

"நல்லது."

"தோட்டத்து வீடுதான்..."

மறுபடி போனை எடுத்தார். இந்த முறை தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம். ஆள் பேர் எழுதுவது, பிளாக் பிரிப்பது எல்லாம் அவர் கையில்தான். மாமாவின் குரல் மாறிவிட்டது. 'சார்' போட்டுப் பேசினார்.

"சார், நான் வேலைய விட்டு நிக்கல. இருக்கேன்."

"அலமாக், வீரா! உங்க பிளாக்குக்கு ரெண்டு நேபாளக்காரங்களைப் போட்டாச்சே. நேத்துதான் பேர் எழுதினேன்."

"வீடு?"

"வீடு இன்னும் யாருக்கும் தரல. ஆனா வேலையில இல்லாத ஆளுக்கு வீடு கிடையாது, உங்களுக்கே தெரியும்."

"வேற பிளாக் என்ன இருக்கு சார்?"

"ஆத்தோரம் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. யாரும் அங்க போக மாட்டேங்குறாங்க. மரம் அவ்வளவு உசரம், கீழ சேறு. நீங்க யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார். என் பேரைப் போட்டுடுங்க."

"வீரா, உங்க தோள்பட்டை வலி..."

"போட்டுடுங்க சார்."

போனைக் கவிழ்த்து வைத்தார். ஆத்தோர பிளாக்கை நான் பார்த்திருக்கிறேன். குலை இருக்கும் இடத்துக்கு எட்டக் கம்போடு கம்பு பூட்ட வேண்டும். அதன் நுனியில் அரிவாள். தலையை அண்ணாந்து, அத்தனை நீளத்தையும் தோளில் தாங்கி இழுக்க வேண்டும். குலை விழும்போது விலகி ஓடச் சேற்றில் கால் வராது.

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு மச்சான்," என்றார். "நான் சொன்னா கத்துவா."

அக்காவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வந்துட்டாரா? என்னடா சொன்ன? எந்த நாடு?"

"எந்த நாடும் இல்லக்கா. தோட்டத்துலயே இருக்கார். கிராணிகிட்டப் பேசியாச்சு, வீடும் இருக்கு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் ஓடியது. அவள் அதை நிறுத்தினாள்.

"எந்த பிளாக்?"

"ஆத்தோரம்."

"அந்த மரமெல்லாம் இவரால முடியாதுடா."

"தெரியும்."

"அவருக்குத் தெரியுமா?"

மாமா தட்டில் மிச்சமிருந்த ரொட்டியைக் குழம்போடு வழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்க்கா."

"போனை அவர்கிட்ட குடு."

நான் போனை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று எச்சில் கையை ஆட்டினார். பிறகு கடைக்காரரைப் பார்த்து இன்னொரு ரொட்டி கேட்டார்.