பெயர் நீக்கப்பட்டவர்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கோந்து' என்று பட்டப்பெயர். எலும்பு மருத்துவமனை, கண் மருத்துவமனை, பொது மருத்துவமனை என்று சிதறிக் கிடக்கும் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஒரே ஆளின் பதிவாக ஒட்டுவது அவள் வேலை. சிறுநீரக ஆராய்ச்சிக்கான ஏற்பாடு அது. பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு வெறும் எண்ணோடுதான் அவளிடம் வரும்.

ஆய்வகங்கள் ரத்தப் பரிசோதனையை ஆளுக்கொரு அளவையில் எழுதியிருந்தன. அலுத்துக்கொண்டே முதல் தொகுதிப் பதிவுகளை ஒரே அளவைக்கு மாற்றியவள், திரையைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு நடுவயது ஆணின் ரத்தத்தில் கழிவின் அளவைக் காட்டும் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியிருந்தது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டே வருகிறது. தனித்தனியாகப் பார்த்த டாக்டர்கள் கண்ணில் அது பட வழியில்லை. எலும்பு டாக்டரோ மூட்டுவலிக்கு ஒரே மாத்திரையை மாதாமாதம் எழுதியிருந்தார். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் தொடவே கூடாத மாத்திரை.

நடுவயது, மூட்டுவலி, கண் ஆபரேஷன். எல்லாம் அவள் அண்ணனுக்கும் உண்டு! போனை எடுத்தாள்.

"அண்ணா, முட்டிக்கு மாத்திரை எங்க வாங்குற?"

"என்னடி, திடீர்னு டாக்டராயிட்டியா?"

அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மாத்திரையா? தைலத்தைத் தேய்ச்சுட்டு நாள் பூரா முனகுறாரு. கண் ஆபரேஷன்ல போட்ட ஊசிக்கப்புறம், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா பயந்து வாசலோட திரும்பிடுறாரு."

அண்ணன் இல்லை. போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அவள் அண்ணன் இல்லையென்றால் வேறு யாரோ ஒருத்தியின் அண்ணன்.

ஆராய்ச்சித் தலைவரின் அறைக்கு ஓடினாள். அவரும் ஒரு டாக்டர்; எண்ணுக்குரிய பெயர் அவரிடம் மட்டும்தான் உண்டு.

"பெயரைத் தேட மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம்மா. மீறினா நாளைக்கு ஒருத்தரும் நம்மகிட்ட பதிவைத் தர மாட்டாங்க."

"எனக்குப் பெயர் வேணாம் சார். நீங்க பாருங்க. அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, அது போதும்."

"அதுக்கு நெறிமுறைக் கமிட்டி கூடி அனுமதிக்கணும்."

"எப்போ சார்?"

"கேட்டுப் பார்க்கிறேன்."

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்த ஒருவரை அவள் உற்றுப் பார்த்த பார்வையில், அவர் பதறி எழுந்து தன் இருக்கையைக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் டாக்டரே அவள் மேசைக்கு வந்தார்.

"கமிட்டி ஒத்துக்கிச்சு. ஆளையும் வரவழைச்சாச்சு. 'கண்ணைக் காட்ட வந்தவனோட கிட்னியை எவன் எட்டிப் பார்த்தான்'னு என்னைக் கிழி கிழின்னு கிழிச்சுட்டாரு."

"மாத்திரை?"

"நிறுத்தியாச்சு. டயாலிசிஸ் வரைக்கும் போக விடாம பார்த்துக்கலாம்னு நினைக்கிறேன். கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்."

கொஞ்சம் முந்தி. அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மீதிப் பதிவுகளையெல்லாம் அப்போதே ஒரே அளவைக்கு மாற்ற உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் ஏறுகிற கோடுகள் இன்னும் சில தலைகாட்டின.

கதவைத் தட்டக்கூட மறந்து டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

"இன்னும் இருக்காங்க சார்."

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "அடுத்த வாரம் கமிட்டியைக் கூட்டச் சொல்றேன்."

"இன்னைக்கே சொல்லுங்க சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவர் போனை எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.