கல்யாணப் பத்திரிகைப் பெட்டிகள்

கொலுவின் நான்காம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். படிகளைப் பார்த்தார்கள், படிகளுக்குக் கீழே போட்டிருந்த பொம்மைப் பார்க்கில் முளைத்திருந்த கடுகைப் பாராட்டினார்கள், சுண்டலில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்கள். கீழ்வீட்டு சுப்புலக்ஷ்மி மாமி வழக்கம்போல் யாரும் கேட்பதற்கு முன்பே பாடினாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். ஒருத்திகூட "ஆத்துக்காரர் எப்போ வரார்?" என்று கேட்கவில்லை.

கேட்காவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஜூன் மாதம் இந்த மந்தைவெளி அடுக்குமாடிக்குக் குடிவந்ததிலிருந்து அந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு நாள் போனதில்லை. லிஃப்டில், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, எங்கே மாட்டினாலும் கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். ஜெர்மனி. ஆன்சைட் வேலை. ரெண்டு வருஷம். அங்கே இப்போது குளிரா என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கும். காலையில் காபி குடிக்கும்போதே ஃபோனில் பார்த்து வைத்துக்கொண்டுவிடுவேன். பொய் சொல்வது என்று ஆனபிறகு அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

என் கணவன் ராகவேந்திரன் இருப்பது பெருங்குடியில். ஸ்கூட்டரில் வந்தால் அரை மணி நேரம். அவன் அடித்ததும் இல்லை, குடித்ததும் இல்லை. பத்து வருஷத்தில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்று, கடைசியில் கேஸ் புக் பண்ணியாச்சா, பால் வாங்கியாச்சா என்பது மட்டும் மிஞ்சியது. போன வருஷம் அதுவும் நின்றது. இதைப் போய்ப் பிரிந்ததற்கு ஒரு காரணம் என்று யாரிடம் சொல்ல முடியும்? வீடு பார்க்க வந்த அன்று வீட்டுக்காரர், "ஃபேமிலிதானேம்மா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் இரண்டு வீடுகளில் உண்மையைச் சொல்லி, "யோசிச்சு சொல்றோம்" என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். என் வாயிலிருந்து ஜெர்மனி தானாக வந்தது.

நான் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. குழந்தைகளையும் சொல்ல வைத்தேன். ஹம்சாவுக்கு எட்டு வயது, கிச்சாவுக்கு ஐந்து. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை பஸ் டிப்போ பக்கத்து மருந்துக் கடை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போவேன். ராகவன் அங்கே வண்டியோடு நிற்பான். பில்டிங்கில் கேட்டால் டிராயிங் கிளாஸ். ஒருமுறை சுப்புலக்ஷ்மி மாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "ஏண்டி கொழந்தே, கிளாஸ்ல இன்னிக்கி என்ன சொல்லிக்குடுத்தா? காட்டு, பாப்போம்" என்று கேட்டுவிட்டாள். ஹம்சா முழித்தாள். அதிலிருந்து அப்பாவைப் பார்க்கப் போகிற ஞாயிறுக்கு முந்தின நாள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு படம் வரைவோம். யானை, மெரினா, மாங்காய். மறுநாள் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள், கையில் பிடித்தபடியே திரும்பி வருவார்கள். கிச்சாவுக்கு உண்மையிலேயே வரையப் பிடித்துவிட்டது என்பது ஒன்றுதான் அதில் எனக்கு ஆறுதல்.

இப்படி இருக்கும்போது கொலு வைக்க வேண்டும் என்று ஹம்சா பிடித்த பிடி சாதாரணமில்லை. வைத்தால் மட்டும் போதாது, எல்லாரும் வர வேண்டும். வருகிற எல்லாருக்கும் கடையில் வாங்கின பிளாஸ்டிக் டப்பா கொடுக்கக் கூடாது, நாமே பண்ணிக் கொடுக்க வேண்டும். அவள் வகுப்பில் ஒருத்தி வீட்டில் அப்படித்தானாம். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். வீட்டில் நாலு மனுஷர் குரல் கேட்டு நாளாகியிருந்தது. ஆபீஸ் வேலையும் வீட்டிலிருந்தே என்பதால் சில நாட்கள் குழந்தைகள் பள்ளியிலிருந்து வரும்வரை கம்ப்யூட்டரைத் தவிர யாரோடும் பேசியிருக்க மாட்டேன்.

நவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை நல்ல மழை. கையில் இருந்த சார்ட் பேப்பரை வைத்து இரண்டு பெட்டி பண்ணினோம். இரண்டும் சுண்டலின் கனம் தாங்காமல் அடியில் பிரிந்துகொண்டன. "கெட்டி அட்டை வேணும்மா" என்று ஹம்சா வீட்டைக் குடைந்தாள். கொலு பொம்மை இறக்குவதற்காகப் பரணில் போட்டிருந்த ஏணியில் ஏறி ஒரு அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரப்பர் பேண்ட் மக்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கல்யாணப் பத்திரிகை. கொடுத்தது போக மிஞ்சினவை.

பாலாடை நிறத்தில் நல்ல தடிமனான அட்டை. முகப்பில் பொன்னிறப் பிள்ளையார். அந்த அட்டையை ராகவன்தான் தேர்ந்தெடுத்தான். தேனாம்பேட்டையில் ஒரு கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தான். "கண்ணை மூடிண்டு தொட்டாலே இது கல்யாணப் பத்திரிகைன்னு தெரியணும்" என்று வேறு சொன்னான். எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்போது எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது.

"இதை வெட்டலாமா?" என்றாள் ஹம்சா.

"தாராளமா வெட்டிக்கோ."

சொன்னபோது ஒரு குரூர சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். நானே முதல் பெட்டியை மடித்துக் காட்டினேன். பிள்ளையார் வெளியே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும், அச்செழுத்து உள்பக்கம் போய்விடும், அதன்மேல் ரோஸ் கலர் தாளை ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. கிச்சாவுக்கு ஃபெவிக்கால் வேலை. பெட்டியில் தடவினதைவிட விரலில் தடவிக் காயவிட்டு உரித்ததுதான் அதிகம். ஹம்சா ஜிகினா ஒட்டி, ரிப்பனில் கைப்பிடி வைத்தாள். நாலு பெட்டி முடிவதற்குள் இருட்டிவிட்டது. அன்றைக்கு மூன்று பேரும் ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தோம், கிச்சா மூக்கில் ஒட்டிக்கொண்ட ஜிகினாவைப் பார்த்து.

திங்கட்கிழமை மீதியை முடிக்க உட்கார்ந்தபோது எனக்கு ஆபீஸ் கால் வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தால் பெட்டிகளைக் காணோம். இரண்டு பேரும் கையில் குங்குமச் சிமிழோடு வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார்கள்.

"எல்லாராத்துலயும் கூப்டுட்டோம்மா! கிஃப்டையும் அப்பவே குடுத்துட்டோம்!"

"வரும்போதுதாண்டி குடுக்கணும்."

"வரலைன்னா?" என்றாள் ஹம்சா. ஒரே ஒரு பெட்டியை மட்டும் அலமாரி மேல் எடுத்து வைத்திருந்தாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ரோஸ் தாள் சுருள் மேஜைக்கடியில் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எடுத்து உள்ளே வைத்தேனே தவிர யோசிக்கவில்லை.

ஆக, நான்காம் நாளுக்கு வருவோம். எல்லாரும் போனபிறகு இரண்டாம் மாடி நஸ்ருன்னிசா மட்டும் மறுபடி வந்தாள். அவள் பெண்ணும் ஹம்சாவும் ஒரே பள்ளி. கையில் எங்கள் பெட்டி. வெறும் பெட்டியைத் திருப்பித் தரக்கூடாது என்று பேரீச்சம்பழம் போட்டிருந்தாள். உட்கார் என்றதற்கு உட்காராமல் நின்றாள்.

"சாரு, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"இதுக்குள்ள உன் கல்யாணப் பத்திரிகை இருக்கு. தெரிஞ்சுதான் குடுத்தியா?"

பழங்களைத் தட்டில் கொட்டிவிட்டுப் பெட்டியை என் பக்கம் சாய்த்தாள். உள்ளே ரோஸ் தாள் இல்லை. நாலு சுவரிலும் நாங்கள்தான் இருந்தோம். நங்கநல்லூர் ஸ்ரீ முத்துகிருஷ்ணன் அவர்களின் குமாரன் சிரஞ்சீவி ராகவேந்திரன் ஒரு பக்கம், என் அப்பா பேரோடு நான் எதிர்ப்பக்கம். மாமனார் வீட்டு விலாசம் கதவு எண்ணோடு அடியில். நாலு பெட்டிக்குத்தான் தாள் ஒட்டியிருந்தோம். மீதி எல்லாம் இப்படியே ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருந்தன.

"கீழ்வீட்டு மாமி நேத்து அதுல குங்குமப் பொட்டலம் போட்டு வைக்கலாம்னு எடுத்திருக்காங்க. விலாசத்தைப் படிச்சிட்டாங்க. உன் மாமியாரும் அவங்களும் முன்னாடி ஒண்ணா சஹஸ்ரநாமம் சொல்லப் போவாங்களாம். உடனே ஃபோன் போட்டுட்டாங்க. உன் மாமியார் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா மாமி லிஃப்ட்ல என்கிட்ட, 'ஜெர்மனியும் இல்ல, ஒண்ணும் இல்லையாம், பாவம்'னாங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"இன்னிக்கு வந்தவங்களுக்குத் தெரியும்."

முகம் சுட்டது. அந்த ஐந்து பேரும் என் எதிரில் உட்கார்ந்து கடுகு முளைத்ததைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார்களே. மாமி கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு சேர்த்து என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாளே, அது இதுதானா? எனக்கு அந்தப் பிடி பிடிக்கவில்லை. கேள்வி கேட்டவரைக்கும் நான் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன். இனிமேல் என் எதிரில் எல்லாரும் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள்.

"நீ எப்போலேர்ந்து...?" என்று நஸ்ருன்னிசாவைக் கேட்டேன்.

"எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும். ஞாயித்துக்கிழமை கறி வாங்கப் போறப்ப டிப்போகிட்ட பாத்தேன். கிச்சா அவரு மேல ஏறி உக்காந்திருந்தான். மூக்கு அப்படியே ஒண்ணுதான."

"கேக்கவே இல்லையே நீ?"

"நீ சொல்லலையே" என்றாள். போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் ஹம்சா நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்பாவாடைகூட மாற்றவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ. திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியின் உள்ளே தாள் ஒட்டாமல் விட்டது அவள்தானே. நானும் ஒரு கணம் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, இனிமே ஜெர்மனின்னு சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"யார் கேட்டாலுமா?"

"யார் கேட்டாலும்."

அவள் மூச்சு விட்டதை நான் கேட்டேன். எட்டு வயசுக் குழந்தை விடுகிற மூச்சில்லை அது. பெரிய மனுஷி மாதிரி தோள் இறங்க விட்டாள். பிறகு உள்ளே ஓடிப்போய்த் தம்பியிடம் சொல்கிற சத்தம் கேட்டது. நான் கொலுவுக்கு எதிரே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். மாமிக்காகவோ ராகவனுக்காகவோ இல்லை. இத்தனை மாதமும் அந்தக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை, யானை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு ராகவனின் முறை. சனிக்கிழமை யாரும் படம் வரையவில்லை. கிச்சா மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு மயில் வரைந்து வைத்தான். ராகவனுக்குச் செய்தி அனுப்பினேன். டிப்போவுக்கு வேண்டாம், வீட்டு வாசலுக்கே வரலாம். "ஏதாவது பிரச்சனையா?" என்று வந்தது. இல்லை என்று அனுப்பினேன். அதற்கு மேல் எழுதி எழுதி அழித்தேன்.

"அப்பாவ கொலுவுக்குக் கூப்டலாமா?" என்று ஹம்சா கேட்டாள்.

"கூப்டு. வரதும் வராததும் அவர் இஷ்டம்."

சொன்னது அவ்வளவுதான். ஆனால் காலையில் எழுந்து வீட்டைப் பெருக்கித் துடைத்தேன், கடுகுக்குத் தண்ணீர் தெளித்தேன், வேண்டியதைவிட ஒரு பிடி அதிகமாகவே கடலை வேகவைத்தேன். நான்கு பேர் குரல் வேண்டும் என்று நினைத்தவள், இப்போது ஒருத்தன் மாடியேறி வரும் சத்தம் போதும் என்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. அலமாரி மேலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு ஹம்சா படியிறங்கி ஓடினாள், பின்னால் கிச்சா. நான் பால்கனிக்கு வந்தேன். "அப்பா!" என்று அவள் கத்தின கத்தலில் காம்பவுண்டே திரும்பிப் பார்த்திருக்கும். இந்த வீட்டில் அந்த வார்த்தையை அவள் இதற்கு முன்னால் வெளியே கேட்கும்படி சொன்னதில்லை. எதிர்ப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் சட்டென்று வாளியோடு உள்ளே போனாள். கீழே சுப்புலக்ஷ்மி மாமி கோலத்தின் மேல் குனிந்துகொண்டாள், ஏற்கெனவே போட்டு முடித்த கோலத்தின் மேல்.

ராகவன் வண்டியை அணைத்தான். ஸ்டாண்ட் போடவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டோடு உட்கார்ந்தபடியே பெட்டியை வாங்கினான். ஹம்சா மேலே கையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். மூன்றாவது மாடியிலிருந்து முகம் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் அந்த அட்டையின் ஓரத்தில் மெல்ல இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

கிச்சா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். டிப்போவில் அவன் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் மருந்துக் கடை போர்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். இங்கே படிக்க ஒன்றுமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவன் கால் மெதுவாக வண்டி ஸ்டாண்டைத் தேடுவதுபோல் இருந்தது, இல்லை, கிச்சா ஏறுவதற்காக வண்டியைச் சாய்க்கிறானோ என்னவோ.