கோட்டுக்குள் நின்ற வண்டி

இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை செய்கிறவனிடம் போய் மனிதர்களை நம்பு என்று சொல்லக்கூடாது. மண்ணூர்பேட்டைப் பக்கம் கியர் செய்யும் எங்கள் கம்பெனியில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே நம்பாமல் இருப்பதற்குத்தான். பளபளவென்று வந்து நிற்கும் கியரில் விரிசல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, வீட்டில் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். என் மனைவி ஞானகுமாரி, எனக்கு ஞானம், கல்யாணமான புதிதில் இதற்குக் கோபப்பட்டாள். பிறகு அவளே இட்லியைத் திருப்பி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

தொண்ணூற்றேழில் ஒரு பழைய மாருதி வாங்கினேன். முகப்பேரில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அப்போது கார் வைத்திருந்தது நான் ஒருவன்தான். கிலோமீட்டர் மீட்டர் ஓடாது, பெட்ரோல் முள் அதன் இஷ்டத்துக்கு ஆடும். ஆனாலும் கார் கார்தானே. வார நாட்களில் உறை போட்டுக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு, நான் கம்பெனி பஸ்ஸில் போவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச் ஆராதனைக்கு அதில் போவோம்.

முன்னால் ஓட்டுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதுதான் ஊர் கூடி நடத்தும் காரியம். மாடிப்படிக்கும் தண்ணீர் மோட்டார் ரூமுக்கும் நடுவில் வண்டி நிற்கும் அளவுக்குத்தான் இடம். நாங்கள் ஆராதனை முடிந்து திரும்பியதும் வாட்ச்மேன் வேம்புலி வண்டிக்குப் பின்னால் ஓடி வருவான். அசோசியேஷன் செக்ரட்டரி பரந்தாமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வலது பக்கம் நிற்பார். மாடியிலிருந்து ஆளாளுக்குக் குரல் கொடுப்பார்கள். "வா வா வா, ரைட்ல ஒடி, ஃபுல்லா ஒடி, வரலாம் வா, ஹோல்டான்." அவர்கள் சொல்கிற பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவதுதான் என் வேலை. நம் ஊரில் யார் தனியாக வண்டி நிறுத்துகிறார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது கார் உறையின் கயிற்றில் முடிச்சு மாறியிருந்தது. நான் போடுவது இரட்டை முடிச்சு. அங்கே இருந்தது பூமுடிச்சு. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முதலில் வேம்புலியைப் பிடித்தேன்.

"வெளியாளு ஒருத்தன் உள்ள வரல சார். நான் இங்கயேதான் குந்திகினு கீறேன்" என்றான்.

அவன் தலையைச் சொறிந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. கேபிள் டிவிக்காரனைக் கேட்டேன். தண்ணீர் கேன் போடுகிறவனைக் கேட்டேன். மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனை அவன் வீடு வரை போய்க் கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞானம் எனக்கு காபி கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கார் சாவி வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, வீட்டில் பகல் முழுக்க ஞானம் இருக்கிறாள். ஆக, எவனிடமோ கள்ளச் சாவி இருக்கிறது.

மறுநாள் காலை நாங்கள் கம்பெனியில் செய்கிற வேலையைச் செய்தேன். சாக்பீஸ் எடுத்து, நான்கு டயரும் தரையில் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். கார் அரை அங்குலம் நகர்ந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். சாயங்காலம் வந்து உறையைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு டயரும் கோட்டுக்குள்ளேயே இருந்தன. அப்பாடா என்று நிமிரப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று டயரில் காற்றடிக்கிற வால்வைப் பார்த்தேன். காலையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த வால்வு இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி வெளியே போயிருக்கிறது. போய்விட்டு, அந்தச் சந்துக்குள் ரிவர்ஸில் வந்து, நான் போட்ட கோட்டுக்குள் நான்கு சக்கரத்தையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கூவிச் சொல்ல ஆள் வைத்திருந்தால் குடியிருப்புக்கே கேட்டிருக்கும். தனியாகச் செய்திருக்கிறான். எவனோ கைதேர்ந்த பயல்.

அடுத்த நாள் கோட்டை இன்னும் நெருக்கமாகப் போட்டேன். சாயங்காலம் வண்டி அதற்குள்ளும் நின்றது, வால்வு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. என்னைக் கேலி செய்கிறான் என்று புரிந்தது. ஞானத்திடம் சொன்னேன். "பத்திரமா திருப்பி வெச்சிட்டுத்தானே போறாங்க" என்றாள். இவளுக்கு விஷயத்தின் தீவிரம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிளாக்குக்குக் கீழே அசோசியேஷனுக்குச் சொந்தமான ஒரே ஒரு கடை. அதை வாடகைக்கு எடுத்திருந்தவர் ஹாஜா மொய்தீன், பூந்தமல்லிக்காரர். முதலில் பூட்டு சாவி ரிப்பேர் கடைதான் வைத்திருந்தார். அதில் வருமானம் போதாமல் இரண்டு டிவியும் வீடியோ கேம் பெட்டியும் வாங்கிப் போட்டு, அரை மணிக்கு இவ்வளவு என்று விளையாட விட்டார். சாவி வெட்டும் மெஷின் மட்டும் இன்னும் மூலையில் இருந்தது. அந்த மெஷின் நினைவுக்கு வந்த நிமிடமே எனக்கு ஆள் கிடைத்துவிட்டான்.

உளவு பார்க்கத்தான் கடைக்குள் போனேன். டிவியில் ஒரு சிவப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு பெரிய நிறுத்துமிடம், வரிசையாக வண்டிகள், நடுவில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு காலி இடம். ஹாஜா உட்கார்ந்து அந்தச் சிவப்புக் காரை ரிவர்ஸில் கொண்டுபோய்க் கோட்டுக்குள் வைத்தார். இதே வேலைதான், இதே கோடுதான். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும் என்று, "நானும் ஆடிப் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தேன்.

முதல் கட்டம் சுலபம். இரண்டாவதும் போனது. மூன்றாவதில் இரண்டு லாரிக்கு நடுவில் பின்பக்கமாக நுழைய வேண்டும். ஒரு மூலை உரசினால் போதும், அந்தப் பெட்டி பீயென்று ஒரு சத்தம் போட்டு முதலிலிருந்து ஆட வைக்கும். நான் ரிவர்ஸ் பட்டனை அழுத்திவிட்டு என்னையறியாமல் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன்.

"சார், இன்னாத்துக்குப் பின்னாடி பாக்கறீங்க? அங்க பெஞ்சுதான் கீது. வண்டி டிவியில கீது" என்றார் ஹாஜா.

மறுபடி ஆடினேன், உரசியது. இன்னொரு தடவை ஆடினேன், கடைசி நேரத்தில் உரசியது. அதில்தான் இருக்கிறது அந்த ஆட்டத்தின் சூழ்ச்சி. முடியவே முடியாது என்றால் எழுந்து வந்துவிடலாம். ஒரு நூல் இடைவெளியில் தப்பிப் போவதால், அடுத்த தடவை நிச்சயம் என்று தோன்றுகிறது. கூவிச் சொல்ல யாரும் கிடையாது. எவ்வளவு ஒடிக்கணும், எப்போது நேராக்கணும் என்று நாமே முடிவு பண்ண வேண்டும். சரியாகப் பண்ணினால் கார் அந்தக் கோட்டுக்குள் போய் உட்காருமே, அந்தச் சுகத்துக்காக ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட லேட்டாகப் போகலாம்.

அதன் பிறகு ஒரு வாரம் முழுக்க வேலை முடிந்து நேராக ஹாஜா கடைக்குத்தான் போனேன். உளவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது கட்டம் மட்டும் தாண்டவில்லை. கையில் பிடிக்கிற ஸ்டிக்கில் ஏதோ தில்லுமுல்லு செய்து வைத்திருக்கிறாரோ என்று கழற்றிக் காட்டச் சொன்னேன். அவரும் கழற்றிக் காட்டினார். உள்ளே தூசிதான் இருந்தது.

"இதை யாராவது கடைசி வரைக்கும் ஆடியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"பகல்ல ஒருத்தர் வருவாங்க சார். அவங்கதான் எல்லாக் கட்டமும் முடிச்சாங்க. எனக்கே அவங்கதான் கத்துக் குடுத்தாங்க."

"யாரு?"

ஹாஜா ஸ்டிக்கைத் துடைக்க ஆரம்பித்தார். "பேர் சொல்ல வாணாம்னு சொல்லிகீறாங்க. வுடுங்க சார்."

போதாதா எனக்கு? ஆக, தனி ஆள் இல்லை, கூட்டாளியும் இருக்கிறான். இவர் சாவி வெட்டிக் கொடுக்கிறார், அவன் ஓட்டுகிறான். எந்தத் திருட்டு வேலைக்கு என் வண்டி போய் வருகிறதோ, நாளைக்குப் போலீஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினால் நான் என்ன பதில் சொல்வது? பரந்தாமனிடம் போய், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுகிறபோது ஹாஜாவைக் கடையைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். கள்ளச் சாவி என்றதும் சரி என்றார். அன்றிரவு ஞானத்திடம் சொன்னபோது அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அவருக்கு நாலு பிள்ளைங்க. நல்லா விசாரிச்சிட்டுச் செய்யுங்க" என்றாள்.

"இதுக்கு மேல என்ன விசாரிக்கிறது?" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வண்டியை நடுவாசலிலேயே நிறுத்தி இறங்கினேன். வழக்கம்போலக் கூவுவதற்கு வந்தவர்கள் அப்படியே கூட்டமாக நின்றார்கள். ஹாஜாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். முடிச்சு, கோடு, வால்வு என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் கண்டுபிடிப்பில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"இந்தக் கோட்டுக்குள்ள ஆள் துணை இல்லாம வண்டியை வைக்கிறவன் இந்த முகப்பேர்லயே எவன் இருக்கான்? அந்த விளையாட்டை ஆடிப் பழகினவன்தான் வைக்க முடியும். சாவி மெஷினும் இவர்கிட்டதான் இருக்கு."

ஹாஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் உங்க வண்டியைத் தொடல சார். அதுக்கு மேல என்னாண்ட ஒண்ணும் கேக்காதீங்க."

"கேட்டா என்ன?"

"குடுத்த வாக்கு ஒண்ணு கீது சார். கடையை எடுத்துக்கங்க, பரவால்ல."

பரந்தாமன் தொண்டையைச் செருமினார். மாத முடிவுக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் ஞானம் காரிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். வேதாகமத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என் விரலிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். எதையும் தேடவில்லை, தன் சமையலறையில் உப்பு டப்பாவை எடுப்பது மாதிரி எல்லாவற்றையும் செய்தாள்.

வேம்புலி பழக்கத்தில் பின்னால் ஓடி, "வா வா" என்று ஆரம்பித்தான். பரந்தாமனின் மனைவி வசந்தா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினாள். "அவங்களுக்கு அதெல்லாம் வாணாம்டா" என்றாள். வசந்தாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மாடியில் நின்றிருந்த எந்தப் பெண்ணின் முகத்திலும் இல்லை.

வண்டி பின்னால் போனது. மோட்டார் ரூம் சுவருக்கு மிக அருகில் போய், நான் கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்தில் முன்சக்கரம் நேரானது. ஒரே எடுப்புதான், நிற்கவுமில்லை, முன்னால் வரவுமில்லை. நான்கு டயரும் என் சாக்பீஸ் கோட்டுக்குள் போய் நின்றன. இத்தனை பேர் கூவி நான் ஒரு நாளும் அப்படி நிறுத்தியதில்லை. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக வந்தது.

"எங்க போயிட்டு வருவ, தினமும்?" என்று கேட்டேன். அப்போதுகூட எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

"எங்கயும் இல்ல. கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து நிறுத்துவேன். அந்த நிறுத்துறதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது. ஓட்டறது எங்கப்பா ஜீப்புலயே பழகினதுதான், ரிவர்ஸ்தான் வராது. ஹாஜா அண்ணன் கடையில ஆடி ஆடி வந்திடுச்சு. பொட்டியில முடிச்சதும் நிஜ வண்டியில பண்ணணும்னு ஆசையா இருந்துச்சு. நீங்க கோடு போட்டதும் இன்னும் நல்லாப் போச்சு." அவள் ஹாஜா பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கங்க அண்ணே. முதல் நாளே நான் சொல்லியிருக்கணும்."

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. பரந்தாமன் கடையைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஹாஜாவின் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் காரும் மட்டும் நின்றோம். ஞானம் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உறையை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்தாள்.

"இத்தனை நாள் என்கிட்ட ஏன் மறைச்ச?" என்றேன்.

"முதல் நாள் வண்டியை நிறுத்திட்டு, சாயங்காலம் நீங்க கேப்பீங்கன்னு பயந்துகிட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டா சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க வாட்ச்மேனைக் கேட்டீங்க. கேபிள்காரனைக் கேட்டீங்க. தண்ணி கேன்காரனைக் கேட்டீங்க. காபி டம்ளரோட எதிர்லயே நின்னேன்." அவள் உறையை உதறினாள். "சாவி என் தலைக்கு மேல தொங்குது. ஊர்ல இருக்கிற அத்தனை பேர் மேலயும் சந்தேகப்பட்டீங்களே, என் மேல ஒரு நாளாவது பட்டீங்களா?"

"உன் மேல இருக்கிற நம்பிக்கைதான்" என்றேன்.

"அது நம்பிக்கை இல்லைங்க. இவளுக்கு எங்க இதெல்லாம் வரப்போவுதுங்கிற நினைப்பு" என்று சொல்லி, உறையின் இன்னொரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.